சாவிக்கு ரசீது உண்டு, பாடத்துக்கு இல்லை

பல்கலைக்கழகத்தில் ஓர் ஆசிரியரின் பணிக்காலம் முடியப்போகிறது என்பதை முதலில் சொல்வது ஒரு தாள்தான். ‘நோ டியூஸ்’ என்று அலுவலகத்தில் எல்லோரும் குறிப்பிடும் அந்தப் படிவத்தில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். நூலகப் புத்தகங்கள் திரும்பினவா, ஆய்வுக்கூடக் கருவிகள் இருப்புப் பதிவேட்டோடு ஒத்துப்போகின்றனவா, கணக்குக் காட்டாத முன்பணம் ஏதும் நிற்கிறதா, தணிக்கைத் தடை உண்டா, குடியிருப்பு காலியானதா, பீரோ சாவி ஒப்படைக்கப்பட்டதா என்று அது கேட்டுக்கொண்டே போகும். ஒவ்வொரு கட்டத்திலும் கையெழுத்தும் முத்திரையும் விழுந்தால்தான் ஓய்வூதியக் கோப்பு நகரும். என்றோ வாங்கிய மேசை விசிறிக்கு விளக்கம் கேட்டு ஒரு கோப்பு மாதக்கணக்கில் படுத்துவிடுவதும் உண்டு. பணி முடியும் நேரத்தையும் விதி தெளிவாக வகுத்திருக்கிறது: வயது நிறைவடையும் மாதத்தின் கடைசி நாள், பிற்பகல். மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் என்றால் அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள். இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்க்கிற ஏற்பாட்டில் ஒரு கேள்விக்கு மட்டும் கட்டம் கிடையாது. இத்தனை காலம் நடத்திய பாடத்தை அடுத்து யார் நடத்தப்போகிறார், அவரிடம் எதைச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. படிவம் எழுதியவரின் மறதி இது என்று நான் நினைக்கவில்லை. ஆசிரியர் பணி முடிவதை ஒரு தனிமனிதரின் வாழ்க்கைச் செய்தியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அது முதன்மையாக ஒரு நிறுவனத்துக்கு நேர்கிற இழப்பு; அந்த இழப்பைக் குறைக்கும் கடமையும் நிறுவனத்துடையது. அந்தக் கடமையை நம் பல்கலைக்கழகங்கள் இன்னும் ஏற்கவில்லை என்பதே என் வாதம்.

இப்போது ஓய்வு பெறுகிற தலைமுறையை நினைத்துப் பார்த்தால் இழப்பின் அளவு புரியும். இவர்கள் ஆய்வேடு எழுதிய காலத்தில் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே தட்டச்சு நிலையங்கள் இருந்தன. கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துவிட்டு, ஒரு பக்கத்தில் நாலு பிழை வந்தால் முழுப் பக்கத்தையும் மறுபடி அடிக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். நூலகத்தில் மர இழுப்பறைகளுக்குள் அட்டைகள் அடுக்கியிருக்கும். ஒரு நூலைத் தேடும்போது பக்கத்து அட்டையில் வேறொரு நூல் கண்ணில் படும். ஆய்வே திசை மாறிவிடும். கோடை விடுமுறையில் விடைத்தாள் மதிப்பீட்டு முகாம். காலையிலும் மாலையிலும் தேநீர், இடையில் ஊர் ஊராக வந்த ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்ட துறைக் கதைகள். ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு என்றால் துறையே கூடும். நெறியாளரின் நெறியாளர் வந்து முன்வரிசையில் அமர்வார். இதே தலைமுறைதான் பின்னாளில் எல்லாம் மாறுவதையும் கண்டது. ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி 2009-ல் வந்தது. ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா இணையதளம் வளர்ந்தது. தாங்கள் படித்துப் பட்டம் பெற்று, பிறகு பல நூறு பேருக்குக் கற்பித்த எம்.ஃபில். படிப்பே 2022 விதிமுறைகளோடு முடிவுக்கு வந்தது. பெருந்தொற்றுக் காலமான 2020-லும் 2021-லும் பணி நிறைவு பெற்ற பலர் தங்கள் கடைசி வகுப்பை, படம் அணைக்கப்பட்ட கட்டங்களில் தெரிந்த பெயர்களைப் பார்த்து நடத்திவிட்டுப் போனார்கள். கரும்பலகைக்கும் கணினித்திரைக்கும் இடையிலான மாற்றத்தின் இரு முனைகளையும் அறிந்த ஆசிரியர்கள் இனி வரமாட்டார்கள்.

இவர்களை நாம் எப்படி அனுப்பிவைக்கிறோம்? பாராட்டு விழா நடத்துகிறோம். அதில் தமிழர்களுக்கு நிகர் தமிழர்களே. பொன்னாடைகள் தோளில் ஏறி, மேசைமேல் மலையாகும். முன்னாள் மாணவர்கள் மோதிரம் அணிவிப்பார்கள். வாழ்த்துக் கவிதை வாசிக்கப்படும். குடும்பத்தாரை மேடைக்கு அழைத்து, “ஐயாவை எங்களுக்குத் தந்தமைக்கு நன்றி அம்மா” என்று சொல்வார்கள். முன்பெல்லாம் ஒரு மலர் வெளியிடுவது வழக்கம். அதில் மாணவர்கள் ஆளுக்கொரு ஆய்வுக் கட்டுரை எழுதுவார்கள். ஆசிரியரின் சிந்தனை எங்கெங்கே கிளைத்தது என்று அந்த மலரைப் புரட்டினால் தெரியும். இப்போது மலரின் இடத்தைப் புகைப்படத் தொகுப்பும் வாட்ஸ்அப் நிலைத்தகவலும் பிடித்துவிட்டன. விழாவைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. உழைத்தவரை ஊர் கூடி வாழ்த்துவது நல்ல பண்பாடு. விழாவில் பேசுகிறவர்கள் எல்லோரும் மனிதரின் குணத்தைப் புகழ்கிறார்கள், பணியைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை என்பதுதான் சிக்கல். அவருடைய எளிமையும் நேரந்தவறாமையும் மேடையில் நிறைந்திருக்கும். அவர் இருபது ஆண்டுகள் நடத்திய கல்வெட்டியல் தாளோ, பூச்சியியல் தாளோ அடுத்த ஜூன் மாதம் என்ன ஆகும் என்று மேடையில் இருக்கும் துணைவேந்தரிடம் கேட்க அங்கே இடமில்லை. அந்த ஜூனில் கால அட்டவணை தயாராகும்போதுதான் துறைத் தலைவருக்கு அந்தத் தாள் நினைவுக்கு வரும்.

ஓர் ஆசிரியரோடு போவது எது என்று கேட்டால், அவர் படித்த புத்தகங்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவை நூலகத்தில் இருக்கின்றன. போவது அவற்றுக்கு வெளியே உள்ள அறிவு. ஒரு பாடத்தின் எந்த இடத்தில் மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழுவார்கள், அங்கே எந்த எடுத்துக்காட்டைச் சொன்னால் முகம் தெளியும் என்பது அவருக்குத் தெரியும். பாடத்திட்டக் குழுவில் ஒரு நூல் ஏன் சேர்க்கப்பட்டது, இன்னொன்று ஏன் நீக்கப்பட்டது என்ற காரணம் கூட்டக் குறிப்பேட்டில் ஒரு வரியாகக்கூட இருக்காது. அவருக்கு மட்டும் நினைவிருக்கும். களப்பணிக்கு எந்த ஊரில் யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் கோயில் கல்வெட்டின் எந்த வரி இப்போது சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்துவிட்டது, எந்தக் கருவியை எப்படித் தட்டினால் ஓடும் என்பவையெல்லாம் எழுத்தில் ஏறாதவை. ஓர் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தைப் படித்தவுடன், இது மூன்றாம் ஆண்டில் எங்கே போய் முட்டிக்கொள்ளும் என்று கணிக்கும் கண் இருக்கிறதே, அது பல ஆய்வேடுகள் முட்டி நின்றதைப் பார்த்ததால் வந்தது. இந்த அறிவுக்குச் சம்பளம் கொடுத்தது பல்கலைக்கழகம். அதை உருவாக்க இரண்டு மூன்று பத்தாண்டுகள் ஆகியிருக்கின்றன. பொதுப் பணத்தில் வாங்கிய மேசை விசிறிக்குக் கணக்குக் கேட்கிறவர்கள், அதே பொதுப் பணத்தில் விளைந்த இந்தச் சொத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளாமல் அனுப்புகிறார்கள்.

கைமாற்றித் தருவது முடியாத காரியமா? நம்மிடமே அதற்குப் பழைய சான்று உண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் 1880-ல் பணியிலிருந்து விலக நேர்ந்தபோது, தமக்குப் பின் அந்த இடத்துக்கு உ. வே. சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். இருவருமே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்கள். ஒருவர் மூத்தவர், மற்றவர் இருபத்தைந்து வயது இளைஞர். பரிந்துரையோடு வேலை கைக்கு வந்துவிடவில்லை. கல்லூரியில் இருந்தவர்கள் அவருடைய புலமையைச் சோதித்துப் பார்த்த பிறகே நியமனம் நடந்தது. அதே 1880-ல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், கல்லூரியின் புதிய தமிழாசிரியரைச் சந்தித்து, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலிருந்து 1887-ல் சிந்தாமணிப் பதிப்பும், அதன்பின் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் வந்த கதை தமிழர் எல்லோரும் அறிந்தது. நான் கவனிக்கச் சொல்வது அதற்கு முந்தைய கணத்தை. விலகிப் போகிற ஓர் ஆசிரியர், தம் இருக்கை காலியாகும் முன்பே அதற்குத் தக்கவர் யார் என்று யோசித்தார். நிறுவனமும் அவர் சொல்லுக்குக் காது கொடுத்தது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. இடம் இரண்டு மூன்று ஆண்டுகள் காலியாகக் கிடந்து, பிறகு யாரோ வந்து சேர்ந்திருந்தால் இராமசாமி முதலியாரின் கேள்வி யாரிடம் போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

ஆள் மாறினாலும் வேலை நிற்காமல் தொடர்ந்ததற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இன்னொரு சான்று. 1913-ல் சாண்ட்லர் பாதிரியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தொடங்கிய பணி அது. 1922-ல் அவர் விலகினார். இடையில் வேறு சிலர் பொறுப்பில் இருந்தார்கள். 1926-ல் ச. வையாபுரிப்பிள்ளை பொறுப்பேற்று 1936-ல் ஆறு தொகுதிகளாக நிறைவு செய்தார். பொறுப்பாளர்கள் மாறியும் வேலை அறுந்துபோகாததற்குக் காரணம், ஒவ்வொரு சொல்லுக்கும் சேர்த்த பொருளும் மேற்கோளும் அலுவலகத்தின் சொத்தாகச் சீட்டுகளில் எழுதப்பட்டு இருந்ததுதான். அறிவியல் துறைக்கும் உதாரணம் சொல்லலாம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் கே. எம். மேத்யூ அடிகளார் 1967-ல் ராபினாட் தாவரகத்தைத் தொடங்கினார். காடு மேடெல்லாம் அலைந்து சேகரித்த செடிகளை உலர்த்தி, தாளில் ஒட்டி, இடமும் நாளும் எழுதி அடுக்கினார். தமிழ்நாட்டுத் தாவரங்கள் பற்றிய அவரது பெருநூல் 1980களில் தொகுதி தொகுதியாக வந்தது. 2004-ல் அவர் மறைந்தார், தாவரகம் இருக்கிறது. இன்று வரும் ஒரு முதுகலை மாணவர் அந்தத் தாள் ஒன்றை எடுத்துப் பார்த்து, இந்தச் செடி அன்று இந்த மலையில் இருந்தது, இன்று இல்லை என்று சொல்ல முடியும். ஆசிரியர் போன பிறகும் அவருடைய உழைப்பிடம் கேள்வி கேட்க வழி இருக்கிறது.

எழுத்தில் இறக்க முடியாததை மனிதர்கள் வழியாகத்தான் கடத்த வேண்டும். இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையின் வரலாறு இதைக் காட்டும். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை பொறுப்பில் இருந்த காலத்தில் அங்கே படித்தவர்களிலும் கற்பித்தவர்களிலும் சு. வித்தியானந்தன், க. கைலாசபதி, கா. சிவத்தம்பி போன்றோர் உண்டு. 1974-ல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கப்பட்டபோது அதற்குத் தலைமை ஏற்றவர் கைலாசபதி. பின்னாளில் அதன் துணைவேந்தராக இருந்தவர் வித்தியானந்தன். ஈழத்து நாட்டுக்கூத்தை மேடையில் மீட்டெடுத்த வேலையும், மார்க்சிய நோக்கிலான இலக்கியத் திறனாய்வும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போனது மனிதர்களின் தொடர்ச்சியால். கைலாசபதி 1982-ல், ஐம்பது வயதை எட்டும் முன்பே மறைந்தார். ஓய்வுத் தேதி என்பதே வராமல் முடிந்த பணி அது. என்றாலும் சிவத்தம்பியும் அடுத்த தலைமுறை ஆசிரியர்களும் அங்கே இருந்ததால் விவாதம் அறுபடவில்லை. திடீர் மரணத்தைக்கூட ஒரு துறை தாங்கிக்கொள்கிறது, அடுத்த வரிசை ஏற்கனவே உள்ளே இருந்தால். பல ஆண்டுகளுக்கு முன்பே தேதி தெரிந்த ஓய்வைத் தாங்க முடியாமல் ஒரு துறை தடுமாறுகிறது என்றால், அது விதியின் குற்றமாக இருக்க முடியாது.

தடுமாறுவதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம், போனாலும் கிடைக்கும். ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகளாகத் தமிழ் கற்பிக்கப்பட்டு வந்தது; பெரும் நூலகமும் சேர்ந்திருந்தது. 2020ஐ ஒட்டி, பொறுப்பில் இருந்த பேராசிரியரின் ஓய்வு நெருங்கியபோது, தமிழ்ப் படிப்பே நின்றுவிடும் என்ற நிலை வந்தது. தமிழ்நாட்டு அரசு 1.25 கோடி ரூபாய் அளிக்க முன்வரும் அளவுக்கு அது செய்தியானது. ஒருவர் எழுந்து போனால் ஒரு மொழியே அந்தப் பல்கலைக்கழக வகுப்பறையிலிருந்து எழுந்து போகும் என்பது எவ்வளவு மெல்லிய நூலில் நாம் தொங்குகிறோம் என்பதைச் சொல்கிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வேறு கதை. அங்கே வாழும் தமிழர்கள் திரட்டிய நிதியில் 1990களில் தமிழ் இருக்கை அமைந்தது. ஜார்ஜ் ஹார்ட் முதலில் அதில் அமர்ந்தார். அவர் ஓய்வு பெற்ற பிறகும் இருக்கை இருக்கிறது. இருக்கை என்ற ஏற்பாட்டின் பயனே அதுதான். அருகில் உள்ள சான்றுக்கு வருவோம். தமிழ்நாட்டில் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு உதவிப் பேராசிரியர்களைத் தேர்ந்தெடுக்க 2019-ல் 2,300-க்கும் மேற்பட்ட இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அது நிறைவேறாமலே கைவிடப்பட்டு, 2024-ல் 4,000 இடங்களுக்குப் புதிய அறிவிப்பு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஓய்வு பெற்றவர்களின் இடத்தில் யார் நின்றார்கள்? கௌரவ விரிவுரையாளர்கள். வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று மானியக் குழு 2019-ல் வகுத்தது. இங்கே பல ஆண்டுகள் 20,000 ரூபாயும் பிறகு 25,000 ரூபாயுமாக, ஆண்டுக்குப் பதினொரு மாதம் மட்டும் கொடுத்து வந்தோம். முப்பது ஆண்டுப் பணி முடிந்தவருக்குப் பொன்னாடை. ஆண்டுதோறும் பணி முடிந்து, ஜூனில் மறுபடி தொடங்குமா என்று காத்திருப்பவருக்கு ஒன்றுமில்லை. முன்னவர் தம் அறிவைக் கைமாற்ற நினைத்தாலும், வாங்கிக்கொள்கிறவர் அடுத்த ஆண்டு அதே அறையில் இருப்பார் என்ற உறுதி இல்லை.

இதற்குப் பலர் சொல்லும் எளிய தீர்வு, ஓய்வு வயதை உயர்த்துவது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் அது 65. இங்கே மட்டும் அறுபதிலேயே ஏன் அனுப்ப வேண்டும், அனுபவம் வீணாகிறதே என்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது; மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியருக்கும் மத்தியப் பல்கலைக்கழகப் பேராசிரியருக்கும் மூளை ஐந்தாண்டு இடைவெளியில் தேய்வதில்லை. ஆனால் வயதை உயர்த்துவது கைமாற்றத்தைத் தள்ளிப்போடுமே தவிர நடத்தாது. அமெரிக்காவில் நிரந்தரப் பணி பெற்ற பேராசிரியர்களுக்கான கட்டாய ஓய்வு 1994 தொடக்கத்தோடு நீங்கியது. அங்கே இளம் ஆய்வாளர்கள் நிரந்தர இடம் கிடைக்காமல் ஒப்பந்த வேலைகளில் அலைவது இன்றும் பெரிய குறையாகவே பேசப்படுகிறது. அதற்கு ஓய்வு வயது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் முதியவர்கள் தங்கியதால் அறிவு தானாகக் கைமாறிவிடவில்லை என்பதும் தெரிகிறது. பிரிட்டனில் பொதுவான ஓய்வு வயது 2011-ல் நீக்கப்பட்டபோதும், ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் தங்கள் ஆசிரியர்களுக்கு ஒரு வயது வரம்பைத் தொடர்ந்து வைத்திருந்தன. இளையவர்களுக்கு இடம் வேண்டும் என்பது அவை சொன்ன முக்கியக் காரணம். தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி ஆசிரியர் உட்பட அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆனது. 2021-ல் 60 ஆனது. அந்த இரண்டு கூடுதல் ஆண்டுகளை, பணி முடிப்பவர்கள் அடுத்தவர்களைப் பயிற்றுவிப்பதற்கான ஆண்டுகளாக அறிவித்திருக்கலாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. வேலைக்குக் காத்திருந்தவர்களின் காத்திருப்புதான் நீண்டது.

இன்னொரு மறுப்பு, காலம் மாறிவிட்டது என்பது. எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது, ஸ்வயம் தளத்தில் பாடங்கள் இருக்கின்றன, கேட்டால் உடனே விடை சொல்லும் செயலிகள் வந்துவிட்டன, இனி ஆசிரியரின் நினைவறிவைப் பாதுகாக்க வேண்டுமா என்கிறார்கள். தகவலைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. முன்பு வகுப்பில் எழுதவைத்த குறிப்புகளில் பெரும்பகுதி இன்று தேவையே இல்லை. அவை அழிவதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் ஷோத்கங்காவில் ஓர் ஆய்வேட்டைத் திறந்தால் முடிந்த வடிவம் மட்டும் இருக்கும். அதன் ஓரத்தில் நெறியாளர் சிவப்பு மையில் எழுதிய கேள்விகளும், இரண்டு முறை தூக்கியெறியப்பட்ட அத்தியாயமும், கடைசி நேரத்தில் மாற்றிய தலைப்பும் அங்கே இல்லை. ஆய்வு செய்யக் கற்பது அந்த அடித்தல் திருத்தலில்தான். விடைகள் மலிந்துவிட்ட காலத்தில், எந்த விடை ஐயத்துக்குரியது என்று கண்டுகொள்ளும் பயிற்சிக்கு மதிப்பு கூடியிருக்கிறது. அந்தப் பயிற்சி ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து பெறுவது. சமையலை எழுதி வைக்கலாம், கைப்பக்குவத்தை அடுப்பருகே நின்றுதான் கற்க வேண்டும் என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வது இங்கேயும் பொருந்தும்.

மூன்றாவது மறுப்பு கடுமையானது. அதை ஒதுக்கித் தள்ள எனக்கு மனமில்லை. போகிறவர் வருகிறவருக்கு வழிகாட்டட்டும் என்று விட்டால், அவர் தம் சாதிக்காரரை, உறவினரை, தமக்குப் பை தூக்கிய மாணவரைக் கொண்டுவந்து அமர்த்துவார். ஓய்வு பெற்ற பிறகும் துறையை வீட்டிலிருந்தே ஆட்டிவைப்பார் என்பது. நம் பல்கலைக்கழகங்களின் நியமன வரலாறு தெரிந்தவர்கள் இந்த அச்சத்தை மிகை என்று சொல்லமாட்டார்கள். தேர்வு வாரியமும் எழுத்துத் தேர்வும் இடஒதுக்கீட்டுச் சுழற்சியும் வந்ததே இதைத் தடுக்கத்தான். அவற்றால்தான் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பேராசிரியர் நாற்காலிக்கு வந்தார்கள். அதில் ஓர் எழுத்தைக்கூடத் தளர்த்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. யாரை நியமிப்பது என்பதும், நியமிக்கப்பட்டவரிடம் எதை ஒப்படைப்பது என்பதும் வேறு வேறு. முதலாவதில் போகிறவருக்கு எந்தச் சொல்லுரிமையும் வேண்டாம். கும்பகோணத்தில்கூடச் சோதனை நடந்த பிறகுதான் வேலை கிடைத்தது என்பதை நினைவில் வைக்கலாம். இரண்டாவதில் அவருக்குக் கடமை வேண்டும். யார் வந்தாலும், தமக்குப் பிடித்தவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாடத்தைக் கையளித்தே தீர வேண்டும் என்று விதி சொன்னால், அது ஆசிரியரின் சலுகையாக இல்லாமல் நிறுவனத்தின் உரிமையாகிவிடும். சொல்லப்போனால் எழுதப்படாத அறிவுதான் சிலருக்கு அதிகாரமாகிறது. ‘அது அவருக்குத்தான் தெரியும்’ என்ற நிலை நீங்கினால், வீட்டிலிருந்து ஆட்டிவைப்பதும் குறையும்.

கையளிக்க ஒன்றுமே இல்லாத ஆசிரியர்களும் இருக்கிறார்களே என்று சிலர் சிரிப்பார்கள். இருக்கிறார்கள். சேர்ந்த ஆண்டில் எழுதிய மஞ்சள் பூத்த குறிப்பை ஓய்வு பெறும் ஆண்டுவரை வாசித்தவர்களை எல்லா வளாகங்களும் அறியும். அவர்களிடம் கணக்குக் கேட்டால் பக்கம் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையும் ஒரு செய்திதான். பணிக்காலத்தின் நடுவிலேயே, ஒருநாள் இதை ஒப்படைக்க வேண்டிவரும் என்று தெரிந்திருந்தால் அவர்களில் சிலராவது வேறு விதமாக நடந்திருப்பார்கள். செலவு அதிகமாகும் என்ற கவலையும் எழலாம். ஒரே இடத்தில் இரண்டு பேர் ஓர் ஆண்டு சேர்ந்திருந்தால் இரட்டைச் சம்பளம் என்று நிதித்துறை சொல்லும். அதே நிதித்துறை, இடங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தபோது மிச்சமான தொகையையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

நடைமுறைக்கு வழி ஏற்கனவே பாதி திறந்திருக்கிறது. 2022-ல் வந்த முனைவர் பட்ட விதிமுறைகளின்படி, ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக இருக்கும் ஆசிரியர் புதிய ஆய்வாளரை ஏற்க முடியாது. ஏற்கனவே இருப்பவர்களுக்கு ஓய்வுவரை நெறியாளராகவும், அதன்பின் எழுபது வயதுவரை இணை நெறியாளராகவும் இருக்கலாம். இந்த விதியால் ஒரு பேராசிரியர் தம் அறிவு முற்றியிருக்கும் மூன்று ஆண்டுகளில் புதிய மாணவர் இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டிருக்க நேர்கிறது என்று பலர் வருந்துகிறார்கள். அந்த ஓய்ந்த நேரத்தைக் கைமாற்றத்துக்கு ஒதுக்கலாம் என்பது என் யோசனை. முதல் ஆண்டில், தாம் நடத்தும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கோப்பு எழுதட்டும்: பாடம் ஏன் இப்படி அமைந்தது, எங்கே மாணவர் தடுமாறுவர், எந்த வினா நல்ல வினா, எது தோற்றது. இரண்டாம் ஆண்டில் களத் தரவுகளும், முடிக்காத கையெழுத்துப் பிரதிகளும், ஒலிப்பதிவுகளும், கருவிகளின் பழுதுக் குறிப்புகளும் துறைக்கு வந்து சேரட்டும். மூன்றாம் ஆண்டு தொடங்கும் முன் அந்த இடத்துக்கான தேர்வு முடிந்து, புதியவர் வந்து, ஒரு தாளை இருவரும் சேர்ந்து நடத்தட்டும். கல்வியாண்டின் நடுவே பணி முடிகிறவருக்கு ஆண்டு முடியும்வரை மறுநியமனம் கொடுக்கும் வழக்கம் இங்கே உண்டு. வகுப்பு பாதியில் நிற்கக்கூடாது என்ற அதே நல்லெண்ணத்தைச் சற்று நீட்டினால் போதும்.

பணி முடிந்த ஆசிரியரின் சொந்த வாழ்வைப் பற்றி நான் கவலைப்படவில்லை. 1919-ல் மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற சாமிநாதையர், 1924-ல் பெருங்கதையையும் 1937-ல் குறுந்தொகையையும் பதிப்பித்தார்; எண்பத்தைந்து வயதில் தன் வரலாற்றை வாராவாரம் எழுதினார். 1946-ல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையிலிருந்து ஓய்வு பெற்ற வையாபுரிப்பிள்ளையின் முக்கிய நூல்கள் பல அதன் பிறகு வந்தவை. ஆர்வம் உள்ளவருக்குப் பணி ஓய்வு நேரத்தைத் தருகிறது. எழுதுவார், படிப்பார், பேரப்பிள்ளைக்குப் பாடம் சொல்வார். தனித்து விடப்படுவது துறையும் அதன் மாணவர்களும்தான். ஆகவே துணைவேந்தர்களுக்கும் ஆட்சிமன்றக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்த ‘நோ டியூஸ்’ படிவத்தில் இன்னும் ஒரு கட்டம் சேருங்கள், அதில் நூலகரோ கணக்கு அலுவலரோ கையெழுத்திட வேண்டாம், அடுத்து அந்தப் பாடத்தை நடத்தப்போகிறவர் இடட்டும். ஓய்வுக்கு இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் இருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று: விதி வரும்வரை காத்திருக்காதீர்கள். இந்தக் கோடை விடுமுறையிலேயே ஒரு நோட்டை எடுத்து, உங்களுக்கு மட்டுமே தெரிந்ததை எழுதத் தொடங்குங்கள்.